இரண்டாவது கயிறு

2009ஆம் ஆண்டு டிசம்பர் 24. கனடாவின் டொராண்டோ நகரம், கிப்ளிங் அவென்யூ. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பால்கனிகளில் கான்கிரீட்டைச் செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் கிறிஸ்துமஸ். மாலை நாலரை மணி வாக்கில், பொழுது இருட்டும் நேரத்தில், 6 தொழிலாளர்கள் 13ஆம் மாடி உயரத்தில் தொங்கிய சாரத்தில் இருந்தார்கள். கீழே இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அப்போது சாரம் முறிந்து இரண்டாகப் பிளந்தது.

5 பேர் 30 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து விழுந்தார்கள். நால்வர் இறந்துபோனார்கள். ஒருவர் பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார். ஆறாவது மனிதர் மட்டும் விழவில்லை. காலடியில் இருந்த மேடை போன பிறகும் அவர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். அவருடைய உடலைச் சுற்றிய பெல்ட், சாரத்தோடு தொடர்பில்லாத ஒரு தனிக் கயிற்றில் மாட்டப்பட்டிருந்தது. அன்று அந்தச் சாரத்தில் இருந்தவர்கள் 6 பேர். அவர்களுக்கென்று தொங்கிய உயிர்க்கயிறுகள் 2.

அந்தக் கயிறு நாள் முழுவதும் எந்தச் சுமையும் தாங்கவில்லை. சாரத்தை ஏற்றவில்லை, இறக்கவில்லை. வேலைக்கு இடைஞ்சலாகக்கூடத் தோன்றியிருக்கும். ஆனால் ஒருவருடைய உயிர் அதில்தான் இருந்தது. தொங்கு சாரம் என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. எந்தப் பிடி விட்டுப்போனாலும் மனிதர் விழாதபடி, ஒவ்வொரு பிடிக்கும் பின்னால் இன்னொரு பிடி வேண்டும். இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது பிடிகளைப் பற்றியது.

தலைகீழாக ஒரு சாரம்

நமக்குப் பழகிய சாரம் தரையில் கால் ஊன்றி நிற்கும். சவுக்குக் கம்பில் கட்டினாலும் இரும்புக் குழாயில் பூட்டினாலும், ஏறி நிற்பவரின் எடை கம்பு வழியாக இறங்கி மண்ணில் சேர்ந்துவிடும். 30, 40 மாடிக் கட்டடத்துக்கு அப்படிக் கட்டிக்கொண்டே போனால் செலவு கட்டாது, காலமும் போதாது. அதனால் சாரத்தைத் தலைகீழாக்கினார்கள். மொட்டைமாடியில் விளிம்பைத் தாண்டி இரண்டு இரும்பு உத்தரங்களை நீட்டி, அவற்றின் முனையிலிருந்து இரும்புக் கயிறுகளைத் தொங்கவிட்டு, ஓராள் அகலமுள்ள நீண்ட மேடையை அந்தக் கயிறுகளில் மாட்டினார்கள். மேடையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மோட்டார். அவை கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறும், இறங்கும். பெயிண்டரும் கண்ணாடி துடைப்பவரும் கொத்தனாரும் அந்த மேடையில் நின்று வேலை செய்வார்கள்.

இங்கே எடை முதலில் மேலே போகிறது. ஆளின் எடை மேடைக்கு, மேடையிலிருந்து மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து கயிற்றுக்கு, கயிற்றிலிருந்து உத்தரத்துக்கு, உத்தரத்திலிருந்து கட்டடத்துக்கு. வரிசையாக ஐந்தாறு கைமாற்றங்கள். அதில் ஒரு கை விட்டாலும் எல்லாம் போயிற்று. பாதுகாப்பு என்பது இந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை நடந்து பார்ப்பதுதான். நாமும் நடந்து பார்ப்போம்.

ஏற்றமும் எதிர் எடையும்

கூரை விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும் உத்தரத்தைப் பார்த்தால் கிணற்றடி ஏற்றம் நினைவுக்கு வரும். ஏற்றமரத்தின் ஒரு முனையில் நீர் நிறைந்த சால். மறுபுறம் மரத்தின் மேல் நடக்கும் ஆள். அவர் பின்னால் நடந்தால் சால் மேலே வரும், முன்னால் வந்தால் கீழே போகும். அவருடைய எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. நிற்கும் இடம்தான் மாறியது. எடையை, அது தாங்குபுள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தொலைவால் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் எழுதிவைத்த நெம்புகோல் விதி இதுதான்.

மொட்டைமாடிக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோவோம். உத்தரத்தின் நீளம் 4.6 மீட்டர். தாங்குபுள்ளிக்கு வெளியே 60 சென்டிமீட்டர், உள்ளே 4 மீட்டர். வெளி முனையில் கயிறு இழுக்கும் சுமை 500 கிலோ என்று வைத்துக்கொண்டால், கவிழ்க்கும் திறன் 500 பெருக்கல் 0.6, அதாவது 300. உத்தரத்தின் சொந்த எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், இதைச் சமன் செய்ய உள் முனையில் 75 கிலோ போதும். ஆனால் சமன் என்பது விளிம்பு. ஒரு சிறு உலுக்கல் வந்தாலும் கவிழ்ந்துவிடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் இதற்கு 4 மடங்கு கேட்கின்றன. ஆகவே 300 கிலோ. 25 கிலோ கட்டிகளாக வைத்தால் 12 கட்டிகள்.

இப்போது கட்டடத்தின் முகப்பில் ஒரு சன்ஷேடு நீட்டிக்கொண்டிருக்கிறது. மேடை அதில் இடிக்கிறது. யாரோ உத்தரத்தை 40 சென்டிமீட்டர் மட்டும் வெளியே தள்ளிவிடுகிறார். முன்னால் 1 மீட்டர், பின்னால் 3.6 மீட்டர். கவிழ்க்கும் திறன் 500 ஆகிவிட்டது. அதன் 4 மடங்குக்கு இப்போது ஏறத்தாழ 556 கிலோ, அதாவது 23 கட்டிகள் வேண்டும். 12 கட்டிகளே இருந்தால், 4 மடங்காக இருந்த பாதுகாப்பு 2 மடங்கு சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. கட்டிகள் அப்படியேதான் இருக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ஒரு முழத்துக்கும் குறைவான நகர்த்தலில் பாதிப் பாதுகாப்பு போய்விட்டது.

இன்னொரு நிலையையும் விதி கணக்கில் எடுக்கிறது. மேலேறும் மேடை ஒரு பால்கனியின் அடியில் மாட்டிக்கொண்டால், மோட்டார் திணறி நிற்கும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது கயிற்றில் வரும் இழுவை வழக்கமான சுமையைவிடப் பெரிது. அந்த உச்ச இழுவையையும் ஒன்றரை மடங்குக்குத் தாங்க வேண்டும். இரண்டு கணக்கில் எது பெரிதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர் எடையாக எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். மணல் மூட்டை, ஜல்லி மூட்டை, தண்ணீர் நிரப்பிய பீப்பாய் எதுவும் கூடாது. மூட்டை கிழிந்தால் மணல் ஒழுகும். பீப்பாய் கசிந்தால் தண்ணீர் போகும். கீழே தொங்குபவருக்குத் தெரியாமலேயே எடை கரையும். அதனால் ஒழுகாத, அந்த வேலைக்கென்றே செய்த திடமான கட்டிகளை வைத்து, உத்தரத்தோடு போல்ட் போட்டு முடுக்கிவிட வேண்டும். அப்போதுதான் வேறு வேலைக்கு ஒரு கட்டி தேவைப்படும் ஒருவர் அதை உருவிக்கொண்டு போக முடியாது. இத்தனைக்கும் பிறகு, உத்தரத்தைக் கட்டடத்தின் உறுதியான பகுதியோடு ஒரு கயிற்றால் பின்னோக்கிக் கட்ட வேண்டும். மொட்டைமாடியில் நிற்கும் காற்றுக்குழாயோ தண்ணீர்க்குழாயோ இதற்கு ஆகாது. எதிர் எடை தன் கடமையைச் செய்யும் வரை இந்தக் கயிற்றுக்கு வேலையே இல்லை. நாம் சந்திக்கும் முதல் இரண்டாவது பிடி இது.

கம்பிகள் கூடிய கயிறு

உத்தரத்திலிருந்து கயிற்றுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சுரங்கங்களில் தாதுவை மேலே இழுக்கச் சணல் வடமும் இரும்புச் சங்கிலியும்தான் இருந்தன. வடம் ஈரத்தில் அழுகியது. சங்கிலி முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்தது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில், கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் இதைக் கவனித்தார். சங்கிலிகளைத் திரும்பத் திரும்பச் சுமை ஏற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் எளிதாகத் தாங்கிய சுமையை, ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் அதே சங்கிலி அறுந்தது. உலோகத்துக்கும் களைப்பு உண்டு என்று காட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் அது ஒன்று. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும் கம்பி கட்டுபவர்களுக்கு இந்த உண்மை விரல் நுனியிலேயே தெரியும்.

1834இல் ஆல்பர்ட் 3.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் கம்பிகளை நான்கு நான்காக முறுக்கிப் புரியாக்கி, மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினார். மொத்தம் 12 கம்பிகள். தேர்வடம் திரிப்பவர்கள் நாரைக் கொண்டு காலங்காலமாகச் செய்ததை அவர் இரும்பில் செய்தார். அதன் பலன் பெரிது. சங்கிலியில் ஒரு வளையம் போனால் அதோடு முடிந்தது; மற்ற வளையங்கள் எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை. முறுக்கிய கயிற்றில் ஒரு கம்பி அறுந்தால் அதன் சுமையைப் பக்கத்துக் கம்பிகள் வாங்கிக்கொள்ளும். அறுந்த கம்பி சற்றுத் தள்ளி மற்ற கம்பிகளின் நெருக்கத்தில் சிக்கி, மறுபடி தன் பங்கைச் சுமக்கத் தொடங்கும். இரண்டாவது பிடி என்ற எண்ணம் கயிற்றுக்குள்ளேயே முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

இன்றைய தொங்கு சாரத்தின் கயிறு பெரும்பாலும் சுண்டுவிரலைவிட மெல்லியது. ஆனாலும் அது அறுவதற்கு டன் கணக்கில் இழுக்க வேண்டும். சாரத்துக்கான அமெரிக்க விதி, சாரம் தன் சுமையைப்போல் 4 மடங்கும், தொங்கும் கயிறு 6 மடங்கும் தாங்க வேண்டும் என்கிறது. கயிற்றுக்கு ஏன் கூடுதல்? மேடையின் மற்ற பாகங்களைவிடக் கயிறுதான் அதிகம் படுகிறது. மோட்டாருக்குள் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கிறது. மழையில் துருப்பிடிக்கிறது, சிமெண்டுப் பாலில் நனைகிறது, வெல்டிங் பொறி பட்டுச் சூடாகிறது. நாளும் தேயும் பொருளுக்கு அதிக இருப்பு வைக்கிறோம்.

இந்தக் கயிறு சங்கிலியைப்போல் ஏமாற்றுவதில்லை. பெரும்பாலும் சாவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் சாகும். அறுந்த கம்பிகள் முள்ளாக வெளியே நீட்டும். பழந்துணியால் கயிற்றைத் துடைத்துக்கொண்டே போனால் அந்த முள் துணியில் மாட்டும். ஒரு புரி கயிற்றை முழுதாக ஒருமுறை சுற்றிவரும் நீளத்துக்குள் 6 கம்பிகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 3 கம்பிகள் அறுந்திருந்தாலோ அந்தக் கயிற்றை எடுத்துவிட வேண்டும். வெளிக்கம்பிகளின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலும், எங்காவது மடிந்து முடிச்சு விழுந்த தடம் இருந்தாலும், சூட்டில் நிறம் மாறியிருந்தாலும் அப்படியே. கயிறு பேசுகிறது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் தகுதியுள்ள ஒருவர் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றும் பிடியும்

திமிறும் காளையின் கயிற்றைக் கையில் பிடித்து நிறுத்த முடியாது. அதே கயிற்றைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே பிடித்துக்கொள்வான். 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர் இதற்குக் கணக்குச் சொன்னார். ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வு எண் 0.3 என்று கொண்டால் ஒரு சுற்றில் 6 மடங்குக்கு மேல், இரண்டு சுற்றில் 43 மடங்கு, மூன்று சுற்றில் 280 மடங்கைத் தாண்டிவிடும்.

மேடையின் முனையில் இருக்கும் மோட்டார் பல நேரம் இந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. கயிறு உள்ளே போய், வரி வெட்டிய சக்கரத்தைச் சுற்றி, அழுத்தும் உருளைகளுக்கு இடையே நெருங்கி, வெளியே வந்து கீழே தொங்குகிறது. சக்கரம் கயிற்றைச் சுருட்டி வைப்பதில்லை. பற்றிப் பற்றி ஏறுகிறது. அதனால்தான் அந்த மோட்டாருக்கென்று குறிப்பிட்ட கயிற்றைத் தவிர வேறு எதையும் போடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் மெலிந்த கயிறு போட்டாலும் பிடியின் கணக்கு மாறிவிடும்.

மின்சாரம் போனால் மோட்டாரின் பிரேக் தானாகவே இறுகி மேடையை நிறுத்தும். உள்ளே இருப்பவர்கள் ஒரு நெம்புகோலை இழுத்து மெதுவாக இறங்கிக்கொள்ளலாம். அந்தப் பிரேக்கும் தோற்றால்? மேடை வேகமெடுத்தவுடன், சுழலும் சிறு எடைகள் வெளிநோக்கி விரிந்து, தனியான இன்னொரு பிரேக்கைக் கயிற்றில் கவ்வச் செய்யும். பல மேடைகளில் இந்த இரண்டாவது பிரேக்குக்கென்றே பக்கத்தில் ஒரு தனிக் கயிறும் தொங்கும். மறுபடியும் அதே எண்ணம்: ஒன்று விட்டால் இன்னொன்று.

வாய்க்கால் பாலம்

டொராண்டோவில் போனது கயிறு அல்ல, மேடை. வாய்க்காலின் குறுக்கே ஒரு பனந்துண்டைப் போட்டு நடந்திருக்கிறீர்களா? கரையோரம் கால் வைக்கும்போது அது அசையாது. நடுவுக்கு வந்ததும் தொய்யும். இரு முனைகளில் தாங்கிய எதுவும் நடுவில்தான் அதிகம் வளைகிறது. ஒரே எடையைக் கரையிலிருந்து நடுவுக்கு நகர்த்தினாலே வளைக்கும் திறன் பல மடங்காகும். எடையையும் மும்மடங்காக்கினால் அது இன்னும் மும்மடங்காகும்.

அத்தகைய சாரத்தில் வழக்கமாக ஏறுபவர்கள் 2 பேர். அன்று 6 பேரும் அவர்களுடைய கருவிகளும் இருந்தன. பின்னர் நடந்த வழக்கில் தெரிந்துவந்த செய்திகள் கசப்பானவை. மேடையின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது. பொறியாளர் தயாரித்த வரைபடமோ பயன்பாட்டுக் கையேடோ அதோடு வரவில்லை. எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதிய சீட்டு மேடையில் எங்கும் ஒட்டப்படவில்லை. எத்தனை பேர் ஏறலாம் என்று தெரிந்துகொள்ள ஒருவர் விரும்பியிருந்தாலும் அந்த மேடையில் அதற்கு விடை இல்லை.

"இவ்வளவு நாள் தாங்கியதே" என்று வேலைத்தளத்தில் சொல்வார்கள். எடை மெல்ல ஏறும்போது தாங்கும் பொருள், அதே எடை திடீரென்று விழும்போது தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பளுவை மேலிருந்து போட வேண்டியதில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் கையைச் சட்டென்று எடுத்துவிட்டாலே, அந்தக் கணத்தில் மேடை உணரும் விசை அந்தப் பளுவின் இரண்டு மடங்கு. ஒருவர் பால்கனியிலிருந்து மேடைக்குள் குதிப்பதும், சிமெண்டு மூட்டையை மேடையில் தொப்பென்று போடுவதும் அதற்கும் மேல். 4 மடங்கு, 6 மடங்கு என்று விதி கேட்பது பேராசையால் அல்ல. அந்த மடங்குகளை உலுக்கலும் துருவும் தேய்மானமும் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. மிச்சமிருப்பதை "கூடுதலாக நாலு பேர் ஏறலாம்" என்று செலவழித்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

காற்றின் கணக்கு

தொங்கும் எதுவும் ஊஞ்சல்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ 6 கிலோ எடையளவு தள்ளுகிறது. 72 கிலோமீட்டரில் அது 24 கிலோ. மேடையும் ஆட்களும் சேர்ந்து காற்றுக்கு 6 சதுர மீட்டர் முகம் காட்டினால், 36 கிலோமீட்டர் காற்றிலேயே 36 கிலோ தள்ளல். மேடை 600 கிலோ. அதில் 36 கிலோ அற்பமாகத் தோன்றும். ஆனால் கயிறு 100 மீட்டர் நீண்டிருந்தால், அந்தத் தள்ளலே மேடையை 6 மீட்டர் நகர்த்தப் போதும். காற்று நின்றதும் அத்தனை தூரமும் திரும்பி வந்து சுவரில் மோதும். ஆகவேதான் உயரமான கட்டடங்களில் மேடையை ஆங்காங்கே முகப்போடு பிணைத்துக்கொள்கிறார்கள். காற்று வலுத்தால் வேலையை நிறுத்திவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

0.6 நொடி

இத்தனை பிடிகளும் விட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மனிதர் விழத் தொடங்குகிறார். 1.8 மீட்டர் விழ ஆகும் நேரம் 0.6 நொடி. "ஐயோ" என்று சொல்லி முடிக்கும் நேரம்கூட இல்லை. எதையாவது எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். அந்த 0.6 நொடியில் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

இனி நிறுத்த வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. நீளாத கயிறு 5 சென்டிமீட்டரில் நிறுத்தினால், உடல் தன் எடையைப்போல் சராசரியாக 37 மடங்கு விசையை உணரும். 1 மீட்டர் அளவுக்கு விட்டுக்கொடுத்து நிறுத்தினால் அது 3 மடங்குக்கும் கீழே வந்துவிடும். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாரே, அதே சூட்சுமம். அதற்காகத்தான் பெல்ட்டையும் உயிர்க்கயிற்றையும் இணைக்கும் பட்டையில், மடித்துத் தைத்த ஒரு பொட்டலம் இருக்கிறது. விழும்போது அந்தத் தையல்கள் வரிசையாகப் பிரிந்து, விழுந்தவரின் வேகத்தைத் தின்றுவிடுகின்றன. அமெரிக்க விதியின்படி உடலுக்கு வரும் விசை ஏறத்தாழ 800 கிலோ எடையளவைத் தாண்டக்கூடாது.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் இந்த விசையை வயிற்றில் இறக்கும், உள்ளுறுப்புகள் நசுங்கும். 1998 ஜனவரி 1 முதல் விழுவதைத் தடுக்கும் கருவியாக அதைப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள். தொடை, தோள், மார்பு என்று முழு உடலையும் சுற்றும் பெல்ட் விசையைப் பகிர்ந்து, பெரும்பகுதியைத் தொடைகளுக்கு அனுப்புகிறது. முதுகில் தோள்களுக்கு நடுவே இருக்கும் வளையத்தில் கயிறு மாட்டப்படுவதால், விழுந்தவர் நிமிர்ந்த நிலையில் தொங்குவார்.

உயிர்க்கயிற்றுக்கு மூன்று நிபந்தனைகள். ஓர் ஆளுக்கு ஒரு கயிறு. மேடையிலும் மேடையைத் தாங்கும் உத்தரத்திலும் கட்டாமல், கட்டடத்தில் தனியான உறுதியான இடத்தில் கட்டிய கயிறு. கூரை விளிம்பில் உராயாதபடி அடியில் மெத்தை வைத்த கயிறு. மேடையிலேயே பெல்ட்டை மாட்டிக்கொண்டால், மேடை போகும் இடத்துக்கு மனிதரும் போவார்.

தொங்கிய பிறகு

2014ஆம் ஆண்டு நவம்பர் 12. நியூயார்க்கில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த ஒன் வேர்ல்டு டிரேடு சென்டர் கோபுரம். 68ஆம் மாடி உயரத்தில் இருவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக் கயிறு தளர்ந்து, மேடை ஏறத்தாழச் செங்குத்தாகச் சாய்ந்தது. தீயணைப்பு வீரர்கள் உள்ளிருந்து தடித்த கண்ணாடியை வைர ரம்பத்தால் அறுத்து, திறப்பு உண்டாக்கி இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்த இருவரும் பிணைப்போடு இருந்தார்கள். இருவரும் வீடு திரும்பினார்கள்.

மீட்பு வேகமாக நடக்க வேண்டியதற்கு உடலியல் காரணம் ஒன்றும் இருக்கிறது. காலிலிருந்து இரத்தம் மேலே ஏற இதயம் மட்டும் போதாது. நடக்கும்போது கால் தசைகள் சுருங்கி அதைப் பிழிந்து அனுப்புகின்றன. அசையாமல் தொங்குபவரின் காலில் இரத்தம் தேங்கும். மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து மயக்கம் வரும். பெல்ட் காப்பாற்றிய உயிரைக் காத்திருப்பு எடுத்துவிடலாம். ஆகவே வேலை தொடங்குவதற்கு முன்பே, யாராவது தொங்க நேர்ந்தால் எந்த வழியாக, யார், எதைக் கொண்டு மீட்பார்கள் என்று முடிவாகியிருக்க வேண்டும். தொங்குபவர் நினைவோடு இருந்தால், கயிற்றில் ஒரு வளையம் போட்டு அதில் காலை ஊன்றி அவ்வப்போது எழுந்து நின்றாலே தசைகள் வேலை செய்யத் தொடங்கும்.

ஆறு பேரும் இரண்டு கயிறும்

டொராண்டோ விபத்தில் ஒப்பந்த நிறுவனத்துக்கு முதலில் 2 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது போதாது என்று 2013இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 7.5 லட்சமாக உயர்த்தியது. திட்ட மேலாளர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2016 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஆறு பேருக்கு இரண்டு கயிறுதான் இருக்கிறது என்று அறிந்தும் வேலையை நிறுத்தாததே அவர் மீதான குற்றத்தின் மையம். விபத்துக்குப் பிறகு ஒன்டாரியோ மாகாணம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. 2015இலிருந்து கட்டுமானத் துறையில் உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கட்டாயமானது.

ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை அந்த மாகாணத்துச் சட்டத்தில் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் சாரத்தில் இருந்தவர்கள் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாள் முடியும் நேரம், பண்டிகைக்கு முந்தின மாலை, மேற்பார்வையாளரும் கூடவே ஏறுகிறார். அந்த இடத்தில் ஒருவர் "எனக்குக் கயிறு இல்லை, நான் ஏற மாட்டேன்" என்று சொல்ல வேண்டுமானால், அவருக்குப் பின்னாலும் ஏதாவது ஒரு பிடி இருக்க வேண்டும். மறுத்தாலும் நாளைக்கு வேலை இருக்கும் என்ற உறுதிதான் அந்தப் பிடி. உத்தரத்துக்கும் கயிற்றுக்கும் பிரேக்குக்கும் இரண்டாவது பிடி வைத்த நாம், அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவருக்கு மட்டும் வைக்காமல் விட்டால், மற்ற எல்லாம் வீண்.

உங்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஒருநாள் ஒரு தொங்கு சாரம் வந்து நிற்கும். 4 மடங்கு, 6 மடங்கு எல்லாம் அப்போது நினைவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. மேடையைத் தாங்கும் கயிறுகளை விட்டுவிடுங்கள். மேடையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு அவர்களுடைய முதுகிலிருந்து போய்ச் சேரும், மேலிருந்து தனியாகத் தொங்கும் கயிறுகளை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சன்னலைத் திறந்து சொல்லுங்கள், குடியிருப்புச் சங்கத்தில் சொல்லுங்கள், மேஸ்திரியிடம் சொல்லுங்கள், கயிறு வரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் சுவருக்கு வண்ணம் ஒருநாள் தாமதமாக வரும். மேடையில் நிற்பவர் அன்று மாலை தன் காலால் இறங்கி வீட்டுக்குப் போவார்.